மச்சான் கையில் கயிறு

“உயிரோட கொண்டாந்து காட்டு! நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம் தாரேன். அதுக்கு மேல கேஸ் கோர்ட்டுக்குப் போயிரும். அப்புறம் நான் நெனச்சாலும் ஒண்ணும் நடக்காது!”

இப்படிச் சொல்லிவிட்டு வனச்சரகர் மேஜை மேலிருந்த பாட்டிலைக் கித்தேரியான் பக்கம் தள்ளினார். பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்கிறீர்கள்? கலங்கல் தண்ணீர், அதன் அடியில் கூழாகிப்போன ஒரு சிவப்புக் கட்டி. மூடியைத் திறந்தால் ஆபீசே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அந்த நாற்றம் பிடித்த கட்டிக்காகத்தான் கித்தேரியானின் வள்ளம், மூச்சு விடும் கம்ப்ரசர், வழிகாட்டும் ஜிபிஎஸ் எல்லாவற்றையும் பறிமுதல் செய்து சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்!

கித்தேரியான் சேந்தன்துறைக்காரன். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவன். போன வாரம் கடலடிப் பாறையில், அதாவது பாரில், சங்கு பொறுக்கும்போது ஒரு விநோதத்தைப் பார்த்தான். கையகலச் சிவப்புப் பிராணி. உடம்பைச் சுற்றிப் பாவாடை, அதற்கு வெள்ளைக் கரை, தலையில் இரண்டு கொம்பு, முதுகில் பூ! பக்கத்திலேயே ரோஜாப்பூ மாதிரி ஏதோ ஒன்று பாறையில் ஒட்டியிருந்தது. அந்த அழகில் மயங்கிப்போய், பிராணியைத் தூக்கிச் சங்குகளோடு வலைப்பையில் போட்டுக்கொண்டான். மேலே வந்ததும் பையைப் பலகையில் கவிழ்த்துக் கொட்டினான்.

அங்கேதான் சனியன் பிடித்தது! சங்கு குளிக்கிற எவனும் அப்படித்தான் கொட்டுவான். சங்குக்கு என்ன, ஓடு இருக்கிறது, எங்கே கொட்டினாலும் கிடக்கும். இதற்கு ஓடும் கிடையாது, எலும்பும் கிடையாது. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பாவாடை சுருங்கி, கொம்பு மடங்கி, பூ ஒடுங்கி, கிட்டத்தட்ட ஒரு சிவப்புக் கட்டியாய்ப் போய்விட்டது. கரைக்கு வந்தபோது வள்ளத்தை எட்டிப் பார்த்தது யார்? அவனுடைய அக்காள் புருஷன் தஸ்நேவிஸ்.

“ஏய், அட்டைடா! கடல் அட்டை!” என்று கத்தினான் தஸ்நேவிஸ். கத்தியதோடு விட்டானா? போனில் படம் பிடித்தான். ஊர் குரூப்பில் போட்டான். வனத்துறைக்கும் சொல்லிவிட்டான்! கடல் அட்டையைத் தொட்டாலே ஜெயில் என்பது அந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அன்றிலிருந்து கித்தேரியானுக்குக் கள்ளக்கடத்தல்காரன் என்று பெயர். டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சே காலியாகிவிடும்.

“மேடம், நீங்களாவது சொல்லுங்க! இது அட்டை இல்ல!” என்று கித்தேரியான் ஆபீஸ் மூலையில் நின்ற பெண்ணைப் பார்த்துக் கெஞ்சினான்.

அவள் மைமூனா. காயல்பட்டினத்துப் பெண். கடல் பிராணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பாட்டிலில் இருப்பதைப் பார்த்துச் சொல்லத்தான் சரகர் அவளை வரவழைத்திருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை அவளுக்கு.

“கூழை வச்சு நான் பேர் சொல்ல மாட்டேன். அட்டைன்னும் சொல்ல மாட்டேன், அட்டை இல்லைன்னும் சொல்ல மாட்டேன்” என்றாள் வெடுக்கென்று. “நீங்க சொல்ற கொம்பும் பூவும் நெஜமா இருந்தா அது ஓடில்லாத கடல் நத்தை. அதுல நூறு தினுசு இருக்கு. உயிரோட, தண்ணிக்குள்ள, என் கண்ணால பாக்கணும். நானும் கூட வாரேன். நீங்க வேற எங்கயோ வாங்கிட்டு வந்து இதுதான்னு நீட்டக் கூடாது பாருங்க!”

பேச்சைப் பாருங்கள்! உதவிக்கு வந்தவளும் அவனைத் திருடனாகத்தான் பார்த்தாள். கித்தேரியான் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றான்.

*

சரி, போவது எதில்? அவன் வள்ளமோ சங்கிலியில். ஊரில் ஒருத்தனும் வள்ளம் தர முன்வரவில்லை. கடைசியில் ஊர்க் கமிட்டி கூடியது. சேந்தன்துறையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் பிறந்த வழக்கைக் கடலிலேயே தீர்க்க வேண்டும், புகார் சொன்னவனும் சொல்லப்பட்டவனும் ஒரே வள்ளத்தில் போய்வர வேண்டும் என்பது அது. ஆகவே தஸ்நேவிசின் வள்ளம், தஸ்நேவிசே சுக்கான் என்று தீர்ப்பாகிவிட்டது.

விடியற்காலை கரையில் மூன்று பேரும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்போது மணலை உதைத்துக்கொண்டு பிரகாசி வந்தாள். கித்தேரியானுக்கு அக்காள், தஸ்நேவிசுக்குப் பெண்டாட்டி. படம் குரூப்பில் வந்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவள் அவள். கையில் ஒரு கயிற்றுச் சுருள் இருந்தது.

“கம்ப்ரசர் இல்லாம மூச்சடக்கித்தான முங்கணும்? அப்ப கயிறு பிடிக்க மச்சான்தான் வேணும்!” என்று சொல்லி, சுருளைப் புருஷன் நெஞ்சில் எறிந்தாள். “பிடிங்க!”

முத்துக் குளித்த காலத்திலிருந்தே அந்தக் கரையில் அப்படித்தான். முங்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை மச்சான் கையில்தான் இருக்கும். கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பான்? அந்தப் பயம் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வைக்கும் என்பது முன்னோர் போட்ட கணக்கு. ஆனால் இந்த மச்சான் வீட்டில்தான் இப்போது பெண்டாட்டியே இல்லையே!

“ஒன் தம்பிய நான் ஒண்ணும் தின்னுற மாட்டேன்” என்று முறைத்தான் தஸ்நேவிஸ். ஆள் மலை மாதிரி இருப்பான். மீசை ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கி இருக்கும்.

“தின்னாலும் ஒங்களுக்குச் செரிக்காது” என்றாள் பிரகாசி. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மைமூனா தன்னிடமிருந்த பெரிய பிளாஸ்டிக் மிட்டாய் பாட்டிலைக் கித்தேரியானிடம் கொடுத்தாள். “கேட்டுக்கோங்க. கையால பிடிச்சு அமுக்கக் கூடாது. பாட்டில முன்னால பிடிச்சுத் தண்ணியோட சேத்து உள்ள தள்ளணும். மூடிய அடியிலயே போட்ரணும். மேல வந்து கவுத்துனீங்க, அப்புறம் கடலுக்கே நான் கும்பிடு போட்டுட்டுப் போயிருவேன்!”

வள்ளம் கிளம்பியது. கரை மறைவதற்குள்ளேயே மைமூனா விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பாவம் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. தஸ்நேவிஸ் இன்னும் வேகத்தைக் கூட்டினான்.

“இடம் எங்கல?” என்று கேட்டான்.

“சொல்லுதேன், நேரா விடும்” என்று கித்தேரியான் எழுந்து நின்று கரையைப் பார்த்தான். ஜிபிஎஸ் இல்லாவிட்டால் என்ன? கரையில் முன்னும் பின்னுமாய் இருக்கும் இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வந்தால் அதுதான் இடம். அவனும் அன்றைக்கு அப்படி ஒரு அடையாளம் வைத்திருந்தான். கோயில் கோபுரம், அதற்குப் பின்னால்... பின்னால்... அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். மறுபடி பார்த்தான். வியர்த்துவிட்டது!

“என்னல முழிக்க?”

“கோயிலுக்குப் பின்னால வெள்ளையா இருந்துச்சே... காணோம்!”

“என்ன வெள்ளை?”

“உப்பளத்து உப்பு அம்பாரம்...”

தஸ்நேவிஸ் வள்ளமே குலுங்கச் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது, வயிற்றெரிச்சலைக் கிளப்பும் சிரிப்பு. “ஏ மேடம், கேட்டீங்களா? மலைய அடையாளம் வைப்பான், பனைய அடையாளம் வைப்பான். விக்கிற உப்ப அடையாளம் வச்சவன இன்னைக்குத்தான் பாக்கேன்! லாரி வந்து அள்ளிட்டுப் போயிட்டாம்ல!”

கித்தேரியானுக்குக் காது சிவந்தது. அவனுக்கே தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சிரித்தது இவன் அல்லவா! உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் குபீரென்று கிளம்பிவிட்டது.

“சிரியும் வே, நல்லாச் சிரியும்! என்ன ஜெயில்ல தள்ளணும்னுதான ஒமக்கு ஆச! கூடப்பிறந்தவ புருஷன்னு பாத்தேன். நீரு மனுஷனா?”

தஸ்நேவிஸ் சுக்கானை விட்டுவிட்டு எழுந்தான். “என்னயா கேக்க? ரெண்டு வருஷத்துக்கு முந்தி என் வள்ளத்துல அட்டை பிடிச்சாங்களே, மறந்திட்டியா? கூலிக்கு வந்தவன் எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருந்தான். கமிட்டியில உங்கிட்டக் கேட்டாங்க, ஒங்க மச்சான் எப்படின்னு. நீ என்னல சொன்ன?”

கித்தேரியான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சொல்லுல! என்ன சொன்ன?”

“தெரியாதுன்னு சொன்னேன்.”

“தெரியாது! ஏழு வருஷம் என் பக்கத்துல நின்னு முங்குனவன், என்னத் தெரியாதுன்னான். அந்த ஒத்த வார்த்தையில என் வள்ளம் ஆறு மாசம் வெயில்ல காஞ்சுது. நான் மனுஷனான்னு நீ கேக்க!”

வள்ளம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. மைமூனா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “ரெண்டு பேரும் அடிச்சிக்கிறதுன்னா என்னைக் கரையில எறக்கி விட்டுட்டு அடிச்சிக்கோங்க! காத்து வேற ஏறுது. சாயங்காலத்துக்குள்ள திரும்பணும். இடம் தெரியுமா, தெரியாதா?”

தஸ்நேவிஸ் மூச்சு வாங்கினான். பலகைக்கு அடியிலிருந்து ஒரு ஈயக்குண்டை எடுத்தான். நீளமான நூலில் கட்டிய குண்டு. அதன் அடியில் சவுக்காரத்தை, அதாவது சோப்பை, குழைத்து அப்பினான். தண்ணீரில் இறக்கி, தரையைத் தொட்டதும் இழுத்துப் பார்த்தான். சவுக்காரத்தில் வெறும் மணல் ஒட்டியிருந்தது. வள்ளத்தைத் தள்ளி நிறுத்தி மறுபடி இறக்கினான். சேறு. மறுபடி. மறுபடி. கரடுமுரடான பாறை வந்தால்தான் பார்.

“இவ்வளவு மெனக்கெடுறது எனக்காகவா?” என்று முனகினான் கித்தேரியான்.

“ஒனக்கா? த்தூ! அந்த அட்டைய நீ மறுபடி எடுத்துட்டு வாரதப் பாக்கணும். எல்லார் முன்னாலயும் அது அட்டைதான்னு மேடம் வாயால சொல்லிக் கேக்கணும். அதுக்குத்தான்!”

வெயில் உச்சிக்கு ஏறியபோது சவுக்காரத்தில் பவளப் பொடியும், ஒரு துளிச் சிவப்புக் கடற்பஞ்சும் ஒட்டிக்கொண்டு வந்தன. மைமூனா அந்தச் சிவப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “இந்தப் பஞ்சைத்தான் அது தின்னும். இங்கயே முங்குங்க!”

*

கித்தேரியான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். மறுமுனையைத் தஸ்நேவிஸ் கையில் சுற்றிக்கொண்டான். கீழேயிருந்து பட்டென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் தூக்க வேண்டும் என்பது சைகை. ஒரு கையில் மிட்டாய் பாட்டில். காலில் கல்லை மாட்டிக்கொண்டு, மூச்சை நிறைத்து, குபுக்!

காதில் தண்ணீர் அடைத்தது. ஆறேழு பாகம், அதாவது ஆறேழு ஆள் ஆழம். காற்று ஏறியதால் அடியில் தண்ணீர் கலங்கிப் போயிருந்தது. கை நீட்டினால் விரல் மங்கலாய்த்தான் தெரிந்தது. முதல் முங்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது முங்கில் முள்சிப்பி ஒன்று முழங்காலைக் கிழித்தது. மேலே வந்து விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினான். தஸ்நேவிஸ் ஒரு வாய்த் தண்ணீர்கூட நீட்டவில்லை.

மூன்றாவது முங்கில் கண்ணில் பட்டது அந்த ரோஜா!

பாறை இடுக்கில், இதழ் இதழாய்ச் சுருண்டு, சிவப்பாய் ஒட்டியிருந்தது. மேலே வந்து சொன்னபோது மைமூனா துள்ளியே விட்டாள். “பூ இல்ல அது! முட்டை! நாடா மாதிரி சுருட்டி முட்டை வைக்கும். அம்மா அங்கதான் பக்கத்துல இருக்கு. பகல்ல வெளிய வராது, இருட்டான பொந்துக்குள்ள பாருங்க!”

நான்காவது முங்கு. முட்டை ரோஜாவைத் தாண்டியதும் பாறைக்கடியில் கறுப்பாய் ஒரு பொந்து திறந்து கிடந்தது. ஆள் தலையும் தோளும் நுழையும், அவ்வளவுதான். கித்தேரியான் உள்ளே நுழைந்தான். கண் பழகியது. ஐயோ! ஒரு முழத் தூரத்தில் வாயைப் பிளந்துகொண்டு அஞ்சாலை! பாம்பு மாதிரி உடம்புள்ள மீன், ஊசி ஊசியாய்ப் பல். கடித்தால் சதையோடுதான் விடும்.

அவன் அசையவில்லை. அஞ்சாலையும் அசையவில்லை. அதற்கு மேலே, பொந்தின் கூரையில், சிவப்பாய் ஏதோ ஊர்ந்தது. பாவாடை! வெள்ளைக் கரை! அதேதான்! பாட்டிலை மெல்ல, மெல்ல மேலே கொண்டுபோனான். மறுகையால் தண்ணீரை அலைத்தான். அது பாறையை விட்டு நழுவி, பாட்டிலுக்குள் மிதந்து இறங்கியது. மூடியைத் திருகினான். அஞ்சாலை சடாரென்று பாய்ந்தது! கையை இழுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டான். அதன் பல் பாறையில் உரசிய சத்தம் தண்ணீருக்குள்ளும் கேட்டது.

மூச்சு முட்டியது. கயிற்றைப் பட்டென்று வெட்டினான். தூக்கு!

கயிறு இறுகவில்லை.

மறுபடி வெட்டினான். கயிறு தொய்ந்தது. மேலிருந்து வளையம் வளையமாய் இறங்கி அவன் முகத்துக்கு முன்னால் ஆடியது. மேலே பிடித்திருந்த கை இல்லை! விட்டுட்டான்... பாவி, விட்டுட்டான்!

அடுத்த நொடி கயிறு வெடுக்கென்று இறுகியது. ஆனால் அதற்குள் தொய்ந்த வளையம் பாறைக் கொம்பில் மாட்டியிருந்தது. மேலே இழுக்க இழுக்க அது இடுக்குக்குள் இன்னும் புதைந்தது. இடுப்பு முடிச்சு கல்லாய் இறுகிவிட்டது. பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிய்த்தான். நகம் பெயர்ந்ததே தவிர முடிச்சு அவிழவில்லை. கண்ணுக்குள் புள்ளி புள்ளியாய் ஒளி பறந்தது.

மேலே தொம்மென்று ஒரு சத்தம். கலங்கலைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய உருவம் இறங்கி வந்தது. ஒரு பக்கம் தூக்கிய மீசை. தஸ்நேவிஸ்!

அப்போது கித்தேரியான் செய்த காரியத்தைக் கேளுங்கள். சாகக் கிடக்கிறவன் கயிற்றைக் காட்ட வேண்டாமா? அவன் பாட்டிலைத் தூக்கி மச்சான் முகத்துக்கு நேரே பிடித்தான்! பாரும் வே, நல்லாப் பாரும் என்கிற மாதிரி. பாட்டிலுக்குள் அது விரிந்திருந்தது. இரண்டு கொம்பும் நீண்டிருந்தன. பாவாடை அசைந்தது. முதுகில் பூ பூத்திருந்தது. தஸ்நேவிசின் கண் அதிலேயே ஒரு கணம் நிலைத்துவிட்டது.

பிறகு அவன் பாறைக் கொம்பை இரண்டு கையாலும் பற்றி உதைத்தான். கொம்பு உடைந்தது. இரண்டு பேரும் மேலே பறந்தார்கள்.

வள்ளத்தில் மைமூனா கயிற்றைத் தன் இடுப்போடு சுற்றிக்கொண்டு, பலகையில் காலை உதைத்து, அழுதபடி இழுத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் தோல் உரிந்து ரத்தம். கித்தேரியான் பலகையில் விழுந்து உப்புத் தண்ணீராய்க் கக்கினான். தஸ்நேவிஸ் பாட்டிலைக் கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் மூடியைத் திருகிக் கவிழ்க்கப் போனான்.

“கவுத்தாதீங்க!” மைமூனா போட்ட கூச்சலில் பாட்டிலே கை நழுவப் பார்த்தது. நல்லவேளை, நழுவவில்லை.

திரும்பும் வழியில் எதிர்க்காற்று, அலை ஆளைத் தூக்கிப் போட்டது. பாட்டிலை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு மைமூனா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாந்தி வரவில்லை.

*

கரையில் ஊரே திரண்டிருந்தது. வனச்சரகர் ஜீப்பில் சாய்ந்து நின்றார். பாட்டிலை உயர்த்திக் காட்டினார்கள். உள்ளே என்ன தெரிந்தது? உருண்டு, சுருண்டு, ஒரு சிவப்புக் கட்டி!

“அட்டை! அட்டைதான்!” என்று ஒருவன் கத்தினான். “நல்லா நாடகம் போடுதான்!” என்றான் இன்னொருவன். மணல் கட்டி ஒன்று பறந்து வந்து கித்தேரியான் தோளில் பட்டது. அவன் கண் இருண்டது. இவ்வளவு பாடும் இதற்குத்தானா!

“எறியாதீங்க! பயந்துபோய் சுருண்டிருக்கு!” என்று மைமூனா கூட்டத்தைப் பார்த்துச் சீறினாள். “அகலமான பாத்திரம் ஒண்ணு வேணும். புதுக் கடல்தண்ணி வேணும். யாராவது கொண்டாங்களேன்!”

யாரும் நகரவில்லை. பிரகாசிதான் ஓடினாள். கல்யாணத்துக்குச் சோறு வடிக்கும் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். அலையில் முக்கி நிறைத்தார்கள். மைமூனா பாட்டிலை அண்டாத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மூடியைத் திறந்து, பாட்டிலை மட்டும் மெல்ல உருவினாள்.

கட்டி அடியில் கிடந்தது. கூட்டம் முணுமுணுத்தது. சரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கித்தேரியானுக்கு அண்டாவைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

மெல்ல ஒரு ஓரம் விரிந்தது. பிறகு இன்னொரு ஓரம். கொம்பு இரண்டும் எட்டிப் பார்த்தன. திடீரென்று பாவாடை முழுதாய் விரிய, உடம்பை மேலும் கீழும் அலைத்து, அது தண்ணீரில் எழும்பி ஆட ஆரம்பித்துவிட்டது! சுற்றிச் சுற்றி, வெள்ளைக் கரை பளிச் பளிச்சென்று மின்ன, அண்டா முழுக்க ஆடியது. முன்வரிசையில் நின்ற பெண்கள் “ஏயம்மா!” என்று வாயில் கை வைத்தார்கள். கத்தியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள்.

மைமூனா அண்டாவுக்குள் விரலை நீட்டி எண்ணினாள். “முதுகுல பூ மாதிரி இருக்கே, அதுதான் இது மூச்சு விடுற செவுள். ஆறு கொத்து. ஒவ்வொண்ணும் தனித்தனியா முளைச்சிருக்கு, பாத்தீங்களா சார்? கடல் அட்டைக்குக் கொம்பும் கிடையாது, முதுகுல செவுளும் கிடையாது. இது ஓடில்லாத நத்தை. ஸ்பானிஷ் டான்சர்னு பேர். நம்ம பக்கம் கண்ணுல படுறதே அபூர்வம். நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“சரி” என்றார் சரகர். அவர் முகம் இளகவில்லை. “இது நத்தை. ஒத்துக்கிட்டேன். ஆனா அன்னைக்கு வள்ளத்துல கெடந்ததும் இதேதான்னு எப்படி நம்புறது? பாட்டில்ல இருக்கறது கூழு. போட்டோவுல தெரியறது கட்டி. உருப்படியா இருந்தப்போ பாத்தது யாரு?”

பையைக் கொட்டும்போது கித்தேரியான் மட்டும்தான் இருந்தான். அதன் பிறகு பக்கத்தில் வந்து பார்த்தவன் ஒரே ஒருத்தன். புகார் கொடுத்தவன்! எல்லார் கண்ணும் தஸ்நேவிஸ் பக்கம் திரும்பியது.

தஸ்நேவிஸ் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கித்தேரியான் ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

“நான் பாத்தேன்” என்றான் தஸ்நேவிஸ். குரல் கரகரத்தது. “நான் எட்டிப் பாக்கும்போது அதுக்கு இன்னும் உயிரு இருந்துச்சு. ஓரத்துல வெள்ளைக் கரை தெரிஞ்சுது. ஒரு கொம்பு ஆடிச்சு. அட்டைக்குக் கொம்பு இருக்காதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அட்டைன்னு கத்துனேன். இவன் மேல இருந்த ஆத்திரத்துல கத்துனேன். அது இதேதான், சார். கோர்ட்டுல வந்தும் சொல்லுதேன்.”

கூட்டம் ஓவென்று இரைந்தது. பொய்ப் புகார் கொடுத்தவனைச் சும்மா விடக்கூடாது என்றார்கள். அவன் வள்ளத்தை இழுத்துக் கட்டு என்றார்கள். சற்று முன்பு கித்தேரியானைப் பார்த்து அட்டை என்று கத்திய அதே வாய்கள்தான்! சரகர் கையை உயர்த்தி அடக்கினார். கித்தேரியானின் வள்ளச் சங்கிலிச் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினார். தஸ்நேவிசை மறுநாள் ஆபீசுக்கு வரச் சொன்னார். நத்தையை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கமிட்டித் தலைவர் கித்தேரியானிடம் கேட்டார். “பாதிக்கப்பட்டவன் நீ. ஒன் மச்சானுக்கு என்ன தண்டனை வேணும்?”

கித்தேரியான் யோசித்தான். அன்றைக்கு இதே கமிட்டியில் தன்னைக் கேட்டபோது வாய்க்குள்ளேயே நின்றுபோன பதில் ஞாபகத்துக்கு வந்து சுட்டது. “அவருக்குத் தண்டனை கொடுக்கிறதுன்னா எனக்கும் சேத்துக் கொடுங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி அவர் அட்டை பிடிக்கலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் நமக்கெதுக்கு வம்புன்னு தெரியாதுன்னேன். இப்பச் சொல்லுதேன், அவர் பிடிக்கல.”

தலைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “போங்கடா ரெண்டு பேரும்! மொதல்ல நத்தைய விட்டுட்டு வாங்க!” என்று விரட்டினார்.

வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு பேரும் கித்தேரியானின் வள்ளத்தில் கிளம்பினார்கள். நடுவில் அண்டா. பாதிக் கடலில் தஸ்நேவிஸ்தான் வாயைத் திறந்தான்.

“மாப்பிள, ஒண்ணு சொல்லணும். நீ அடியில வெட்டுனப்போ...”

“கயிற விட்டீரு” என்றான் கித்தேரியான். “தெரியும். மூஞ்சிக்கு முன்னால வந்து விழுந்துச்சுல்லா.”

தஸ்நேவிஸ் தலையைக் குனிந்துகொண்டான். “ஒரு நிமிசம்... போகட்டும்னு தோணிருச்சு. கை தானா விட்டுருச்சு. என்ன மன்னிக்காத.”

“மன்னிக்கல” என்றான் கித்தேரியான். நிஜமாகவே மன்னிக்கவில்லை. அந்தக் கயிறு தொய்ந்து விழுந்தது இன்னும் அவன் கண்ணெதிரே இருந்தது. “அப்புறம் ஏன் பிடிச்சீரு? ஏன் குதிச்சீரு?”

அண்டாவுக்குள் நத்தை பாவாடையை விரித்து மெல்லச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

“நீ செத்துட்டா, நீ கள்ளன்னுதான ஊரு நெனைக்கும்” என்றான் தஸ்நேவிஸ். “அது பொய்யின்னு எனக்கு மட்டும்தான தெரியும். அத வச்சுக்கிட்டு நான் எப்படி மாப்பிள சோறு திம்பேன்?”

வள்ளம் பாருக்கு மேல் வந்ததும் கித்தேரியான் எழுந்துபோய் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தான். “அந்தப் பக்கம் பிடியும் மச்சான். பாத்து, கவுத்திராம இறக்கணும்” என்றான்.